ஸ்டீஃபன் ஆம்ப்ரோஸின் போர் நூல்களைப் புதிய வாசகருக்குப் பரிந்துரைக்கலாமா?

ஏட்டுச்சுவடி:

இரண்டாம் உலகப் போரைப் பற்றி வாசிக்கத் தொடங்கும் ஒருவர் எந்த நூலை முதலில் எடுக்கலாம் என்று சென்ற வாரம் இங்கே கேட்டிருந்தார். பதில் சொன்னவர்களில் பெரும்பாலோர் அமெரிக்க வரலாற்றாசிரியர் ஸ்டீஃபன் ஆம்ப்ரோஸின் ‘பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்’ (1992), ‘டி-டே’ (1994) ஆகிய இரண்டையும் தயக்கமின்றிச் சுட்டியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காரணங்களை இங்கே வைக்கிறேன்.

2002 ஜனவரியில் ‘வீக்லி ஸ்டாண்டர்ட்’ இதழ், ஆம்ப்ரோஸின் ‘தி வைல்ட் புளூ’ நூலில் உள்ள பல வரிகள் தாமஸ் சில்டர்ஸ் 1995-இல் எழுதிய ‘விங்ஸ் ஆஃப் மார்னிங்’ நூலிலிருந்து எடுக்கப்பட்டவை என்று வெளிப்படுத்தியது. இரண்டு நூல்களும் பி-24 குண்டுவீச்சு விமானக் குழுவினரைப் பற்றியவை. மேகக்கூட்டத்தைத் துளைத்துக்கொண்டு மேலே வரும் விமானங்கள் அப்பிரகத்தைப் போல மின்னின என்று சில்டர்ஸ் எழுதுகிறார். அதே அப்பிரகம், அதே மேகம், முன்பின்னாக அதே சொற்கள் ஆம்ப்ரோஸின் பக்கத்திலும் இருக்கின்றன. தகவலை இரவல் வாங்குவது எல்லா வரலாற்றாசிரியர்களும் செய்வதே. உவமையை இரவல் வாங்குபவர் மற்றொருவருடைய கண்ணையே தன்னுடையதென்று காட்டுகிறார்.

இதைவிடக் கனமானது ஐசனோவர் விவகாரம். போரில் நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதியாக இருந்து பின்னர் அமெரிக்க அதிபரான ஐசனோவரின் வரலாற்றை எழுதியவர் ஆம்ப்ரோஸ். அதற்காக அந்த முன்னாள் அதிபரோடு நூற்றுக்கணக்கான மணி நேரம் தனியே உரையாடியதாகப் பல இடங்களில் சொல்லிவந்தார். ஐசனோவர் நூலகத்தின் துணை இயக்குநர் டிம் ரைவ்ஸ், அதிபரின் அன்றாட நிகழ்ச்சிக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தபோது, இருவரும் சந்தித்தது மூன்றே முறை, மொத்தம் ஐந்து மணி நேரத்துக்கும் குறைவு என்று தெரியவந்தது. 2010-இல் ‘நியூயார்க்கர்’ இதழ் இதை வெளியிட்டது. அடிக்குறிப்புகளில் நேர்காணல் நடந்ததாகக் குறிக்கப்பட்ட நாள்கள் சிலவற்றில் ஐசனோவர் வேறு ஊரில் இருந்திருக்கிறார். அடிக்குறிப்பே பொய் சொல்லுமானால், மேலே இருக்கும் பத்தியை எதைக் கொண்டு நம்புவது?

கடலோடி:

ஏட்டுச்சுவடி அவர்களே, நீங்கள் அடுக்கிய இரண்டு குற்றங்களையும் நான் மறுக்கப்போவதில்லை. முதலாவதை ஆம்ப்ரோஸே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். சில்டர்ஸின் நூலை அவர் அடிக்குறிப்பில் குறிப்பிட்டிருந்தார், மேற்கோள் குறிதான் இடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் அங்கே பரிந்துரைக்கப்பட்டவை ‘பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்’, ‘டி-டே’ ஆகிய நூல்கள். நீங்களோ ‘வைல்ட் புளூ’வுக்கும் ஐசனோவர் வரலாற்றுக்கும் எதிராக வழக்கு நடத்தித் தீர்ப்பை வேறு இரண்டு நூல்கள்மேல் எழுதுகிறீர்கள்.

1983-இல் நியூ ஆர்லியன்ஸ் பல்கலைக்கழகத்தில் ஐசனோவர் மையத்தை நிறுவி, டி-டே எனப்படும் 1944 ஜூன் 6 அன்று பிரான்சின் நார்மண்டியில் இறங்கிய சாதாரணச் சிப்பாய்களின் நினைவுகளை ஒலிநாடாவில் சேர்க்கத் தொடங்கியவர் ஆம்ப்ரோஸ். ‘டி-டே’ 1,400-க்கும் மேற்பட்ட வாய்மொழிச் சாட்சியங்களின் மேல் கட்டப்பட்டது. அன்று அந்த வீரர்களில் பலர் அறுபதைத் தாண்டியிருந்தார்கள். இன்னும் பத்தாண்டு தாமதித்திருந்தால் அந்தக் குரல்களில் எத்தனை மிஞ்சியிருக்கும்? அதற்கு முன் வந்த போர் வரலாறுகளில் பெரும்பாலானவை தளபதியின் மேசையிலிருந்து எழுதப்பட்டவை. வரைபடத்தில் ஓர் அம்பு நகரும். அந்த அம்புக்குள் இருந்த மனிதர் கடற்பயணத்தில் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தார் என்பது தெரியாது.

‘பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்’ நூலில் வரும் பிரேகூர் பண்ணைச் சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 1944 ஜூன் 6 காலையில் லெப்டினன்ட் ரிச்சர்ட் விண்டர்ஸ் பத்துப் பன்னிரண்டு பேரோடு சென்று, அமெரிக்கப் படைகள் இறங்கிய யூட்டா கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கு வரும் பாதையை நோக்கிச் சுட்டுக்கொண்டிருந்த நான்கு 105 மி.மீ. பீரங்கிகளைச் செயலிழக்கச் செய்தார். பதுங்குகுழிகளின் ஊடாகப் பீரங்கி பீரங்கியாக அவர்கள் முன்னேறிய விதத்தை ஆம்ப்ரோஸ் எழுதியிருப்பதைப் படித்தால், ஒரு சிறு படைப்பிரிவு எவ்வாறு இயங்குகிறது என்பது இராணுவக் கையேட்டைவிடத் தெளிவாக விளங்கும். மேலும், அந்நூலின் கைப்படியை அவர், அந்நூல் பேசும் அமெரிக்கப் பாராசூட் படைப்பிரிவான ஈஸி கம்பெனியின் வீரர்களுக்கே அனுப்பித் திருத்தம் கேட்டார். விண்டர்ஸும் லிப்டனும் வரிக்கு வரி பார்த்துக் கொடுத்தார்கள். எத்தனை வரலாற்றாசிரியர்கள் இதைச் செய்கிறார்கள்?

வடகாற்று:

கடலோடி பெருமையாகச் சொன்ன அதே இடத்தில்தான் எனக்குச் சிக்கல் தொடங்குகிறது. ஒரே கம்பெனியின் நினைவை அதே கம்பெனியைக் கொண்டு சரிபார்த்தால், எல்லோரும் சேர்ந்து தவறாக நினைவில் வைத்திருப்பதை யார் பிடிப்பார்கள்?

ஆல்பர்ட் பிளைத் என்ற வீரரின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நார்மண்டியில் காயம்பட்ட அவர் தேறவே இல்லை, 1948-இல் இறந்தார் என்று 2001-இல் வந்த ‘பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்’ தொலைக்காட்சித் தொடர் அறிவித்தது. உண்மையில் அவர் உயிர் பிழைத்து, இராணுவத்திலேயே தொடர்ந்து, கொரியப் போரிலும் பணியாற்றி, 1967-இல்தான் இறந்தார். அவர் போய்விட்டார் என்றுதான் பழைய தோழர்கள் நம்பியிருந்தார்கள். இராணுவப் பணிப்பதிவேட்டை ஒருமுறை எடுத்துப் பார்த்திருந்தால் தீர்ந்திருக்கும். கம்பெனிக்குப் பயிற்சியளித்த கேப்டன் சோபெல் 1987-இல் இறந்துவிட்டார். ஆம்ப்ரோஸ் அந்த வீரர்களின் நினைவுகளைப் பதிவுசெய்யத் தொடங்கியதோ 1988-இல். ஆகவே சோபெலை வெறுத்தவர்களின் வாயிலிருந்து மட்டுமே நாம் அவரை அறிகிறோம். கைப்படியைத் திருத்துவதற்கு அவர் இல்லை.

எனக்கு நெடுநாளாக உறுத்துவது சி-47 விமானிகளின் விவகாரம். ஜூன் 5 நள்ளிரவில் 800-க்கும் மேற்பட்ட சி-47 விமானங்கள் சுமார் 13,000 பாராசூட் வீரர்களைச் சுமந்துகொண்டு நார்மண்டியின் கோட்டன்டைன் தீபகற்பத்தின் மேற்குக் கரை வழியாக நுழைந்தன. கரையைத் தாண்டியதும் எதிர்பாராத மேகத்திரள் குறுக்கிட்டது. இறக்கை இறக்கையை ஒட்டிப் பறந்த விமானங்கள் மோதலைத் தவிர்க்கப் பிரிந்தன. வானொலி பேசத் தடை. மேகத்தைவிட்டு வெளியே வந்தவுடன் விமான எதிர்ப்புப் பீரங்கிகள் சுடத் தொடங்கின. முன்னதாகக் குதித்து இறங்குமிடத்தை அடையாளம் காட்ட வேண்டிய வழிகாட்டிக் குழுக்களில் பல, விளக்கேற்ற வேண்டிய இடத்தில் இறங்கியிருக்கவே இல்லை. ஆம்ப்ரோஸின் எழுத்தில் இவையெல்லாம் இருந்தாலும், கடைசியில் விமானிகள் பயந்துபோய் வேகத்தைக் கூட்டி வீரர்களைக் கண்ட இடத்தில் கொட்டிவிட்டார்கள் என்ற எண்ணமே வாசகரிடம் மிஞ்சுகிறது. காரணம் எளிது. அவர் பேசியது பெரும்பாலும் குதித்தவர்களோடு. ஓட்டியவர்களின் சாட்சியம் மிகக் குறைவு. விமானத்தின் பின்பகுதியில் இருட்டில், கொக்கியைக் கம்பியில் மாட்டிக்கொண்டு நின்றவருக்கு விமானம் குலுங்கியது தெரியும். ஏன் குலுங்கியது என்பது முன்னால் இருந்தவருக்கு மட்டுமே தெரியும். அந்த இரவில் பாராசூட் வீரர்களை இறக்கப் போன விமானங்களில் 20-க்கு மேல் திரும்பவில்லை. எஞ்சிய விமானிகள் முதிய வயதில் ஆண்டுக்கணக்காகக் கடிதம் எழுதித் திருத்தம் கேட்க வேண்டியிருந்தது.

கடலோடி:

விமானிகள் குறித்து வடகாற்று சொல்வதை ஏற்கிறேன். அந்தப் பகுதியை நான் யாருக்கும் நீதியான விவரிப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் இது ஒருதலைச் சாட்சியத்தின் குறை. எதிர்த்தரப்புச் சாட்சியத்தைச் சேர்த்தால் தீரும் குறை. ஏட்டுச்சுவடி குற்றம் சாட்டுவது நேர்மையை. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டக் கூடாது. ஐசனோவரின் போர்க்காலக் கடிதங்களும் உத்தரவுகளும் 1970-இல் ஐந்து தொகுதிகளாக வந்தபோது, அவற்றின் இணைப் பதிப்பாசிரியராக ஆண்டுக்கணக்கில் அந்தத் தாள்களோடு கிடந்தவரும் இதே ஆம்ப்ரோஸ்தான். ஆவணம் பார்க்கத் தெரியாத கதைசொல்லி என்று அவரைத் தள்ள முடியாது.

ஏட்டுச்சுவடி:

அதனால்தான் மனம் ஆறவில்லை! ஐந்து தொகுதி ஆவணங்களைக் கரைத்துக் குடித்தவர், அந்த அறிவே போதும் என்று நிற்காமல், “அவரே என்னிடம் சொன்னார்” என்ற பொற்பூச்சை ஏன் தேடினார்? ஐசனோவர் தன்னை அழைத்து வரலாறு எழுதச் சொன்னதாக அவர் கூறிவந்தார். 1964-ஆம் ஆண்டுக் கடிதங்களோ முதலில் எழுதியவர் ஆம்ப்ரோஸ்தான் என்று காட்டுகின்றன. கதை நன்றாக அமைய வேண்டும் என்ற ஆசை ஆவண அறிவை வென்றுவிட்டது. தான் கதை சொல்பவன், ஆவணங்களை விவாதிப்பவன் அல்லன் என்று 2002-இல் அவரே செய்தியாளரிடம் தற்காத்துக்கொண்டார்.

அந்த ஆசை நீங்கள் காக்க விரும்பும் ‘டி-டே’யிலும் வேலை செய்திருக்கிறது. நார்மண்டியின் ஒமாஹா கடற்கரையை நெருங்கும்போது பிரித்தானியப் படகோட்டி பயந்து நிறுத்தப் பார்த்ததாகவும், அமெரிக்கக் கேப்டன் ஸப்பகோஸ்டா கைத்துப்பாக்கியை நீட்டி மிரட்டிப் படகைச் செலுத்தவைத்ததாகவும் ஒரு காட்சி வருகிறது. அது எஸ்.எல்.ஏ. மார்ஷல் 1960-இல் ‘அட்லாண்டிக்’ இதழில் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. அந்தப் படகிலிருந்து உயிரோடு மீண்ட ராபர்ட் சேல்ஸ் அப்படி எதுவும் நடக்கவில்லை என்று திட்டவட்டமாக மறுத்தார். மார்ஷல் யார்? போரில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவான சிப்பாய்களே துப்பாக்கியை இயக்கினார்கள் என்று 1947-இல் எழுதிப் புகழ்பெற்றவர்; அந்தக் கணக்குக்கு அவருடைய குறிப்பேடுகளில் ஆதாரம் இல்லை என்று 1988-இல் ரோஜர் ஸ்பில்லர் காட்டினார். அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்து வந்த நூலில், மார்ஷலின் மிகவும் நாடகத்தன்மை வாய்ந்த ஒரு காட்சியைச் சரிபாராமல் எடுத்தாள்வதை ஒருதலைச் சாட்சியம் என்று எப்படிச் சொல்வது? பெயரில்லாத ஒரு படகோட்டி கோழையாக்கப்பட்டான். மறுத்தவரோ கேட்டால் சொல்லக்கூடிய தூரத்தில் இருந்தார்.

வெகுமக்களுக்காக எழுதுபவரிடம் இவ்வளவு எதிர்பார்க்கலாமா என்று கேட்பீர்கள். கார்னிலியஸ் ரயன் பட்டம் பெற்ற வரலாற்றாசிரியர் அல்லர், பத்திரிகையாளர். டி-டேயைப் பற்றி 1959-இல் வெளிவந்த ‘தி லாங்கஸ்ட் டே’ நூலை எழுதுவதற்காக வீரர்களுக்கு வினாத்தாள் அனுப்பினார். எங்கே இறங்கினீர்கள், அருகில் யார் இருந்தார்கள், நாட்குறிப்பு வைத்திருந்தீர்களா என்று கேட்டு, ஒருவர் பதிலை மற்றவர் பதிலோடு வைத்துப் பார்த்தார். அந்தக் கோப்புகள் இன்றும் ஓஹையோ பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. யாரும் போய் எடுத்துப் பார்க்கலாம். அவரும் விறுவிறுப்பாகத்தான் எழுதினார்.

பழுப்புத்தாள்:

குறுக்கிடுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்டவர் தொடக்க நிலை வாசகர். ‘பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்’ படிப்பவர் கூடவே டேவிட் கென்யன் வெப்ஸ்டரின் நினைவுநூலையும் படிக்கட்டும். அதே ஈஸி கம்பெனியில் இருந்தவர், எழுத்தாளராக விரும்பியவர், 1961-இல் இறந்துவிட்டவர். எனவே எண்பதுகளின் ஒன்றுகூடல்களில் மெருகேறிய நினைவுகள் அவரைத் தொடவில்லை. அதிகாரிகள்மீது அவருக்கிருந்த எரிச்சலும் சலிப்பும் ஆம்ப்ரோஸின் பக்கங்களில் பாதியாகிவிடுகின்றன. அந்த நூல் 1994-இல் வெளிவர ஆம்ப்ரோஸ்தான் துணை நின்று முன்னுரை எழுதினார் என்பதை ஏட்டுச்சுவடியின் பார்வைக்கு வைக்கிறேன்.

கடலோடி:

நல்ல யோசனை, நானும் அப்படியே பரிந்துரைப்பேன். ஏட்டுச்சுவடி அவர்களிடம் ஒரே கேள்வி. “நமக்காகப் போரை வென்று தந்தவர் ஆண்ட்ரூ ஹிக்கின்ஸ்” என்று ஐசனோவர் சொன்னதை நீங்களே இங்கே தரையிறங்கு படகுகள் பற்றிய உரையாடலில் மேற்கோள் காட்டியிருக்கிறீர்கள். ஹிக்கின்ஸின் அந்தப் படகுகள் நியூ ஆர்லியன்ஸில் கட்டப்பட்டவை. 2000 ஜூன் 6 அன்று அதே நகரில் டி-டே அருங்காட்சியகம் எழுந்ததற்கு இந்த ஒற்றை வாக்கியமும் ஒரு காரணம். அதை ஐசனோவரிடமிருந்து கேட்டு வந்து சொன்னவர் ஆம்ப்ரோஸ். இனி அந்த வாக்கியத்தை என்ன செய்யப்போகிறீர்கள்?

ஏட்டுச்சுவடி:

1964-இல் அவர்கள் சந்தித்தது நிகழ்ச்சிக் குறிப்பிலேயே இருக்கிறது. ஆகவே அந்த உரையாடல் நடந்திருக்கக்கூடியது. ஆனால் அந்த அறையில் இருந்ததாகச் சொல்பவர் ஒருவர்தான். இனி அதை எழுதினால் “ஆம்ப்ரோஸ் கூறுவதன்படி” என்ற முன்னொட்டோடுதான் எழுதுவேன். புதிய வாசகருக்கு முதலில் ரயன், பிறகு வெப்ஸ்டர், அதன் பிறகு வேண்டுமானால் ஆம்ப்ரோஸ் என்பதே என் வரிசை.

வடகாற்று:

வரிசை எதுவானாலும், ஜூன் 5 இரவைப் பற்றிய பக்கங்களுக்கு வரும்போது சி-47 விமானிகளின் நினைவுகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.