வேலியோரம் தீ வைக்கிறார்கள், ஆலோசனை தேவை

வணக்கம் உறவுகளே. வாகரைப் பக்கம் எங்களுக்கு ஒரு சின்ன மரமுந்திரிகைத் தோட்டம் இருக்கிறது. வறண்ட கச்சான் காற்று தொடங்கினாலே தீப் பயத்தில் வீட்டில் யாருக்கும் நித்திரை இல்லை. வீதியோரம் வான் வண்டியை நிறுத்திச் சமைப்பவர்கள் அடுப்பை அணைக்காமலே போய்விடுகிறார்கள். போன கிழமை அந்தச் சாம்பலைக் கம்பால் கிளறினேன். மேலே வெள்ளையாக ஆறிக் கிடந்தது, அடியில் கட்டை சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தது. பக்கத்திலேயே முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த புல்.

சரி, அது கவனக்குறைவு. ஆனால் முந்தாநாள் எங்கள் வேலியோரம் ஒரே நேரத்தில் 3 இடத்தில் எரிந்தது. தானாகப் பற்றிய தீ அப்படித் தொடங்குமா? அப்பா நட்ட 11 மரம் கருகிவிட்டது. புதுப்புல் முளைக்கவும் வேட்டைக்கும் கொளுத்துகிறவர்கள் உண்டு. இது யாருடைய வேலை என்றுதான் தெரியவில்லை.

முறைப்பாடு கொடுத்துவிட்டோம். ஆதாரம் கேட்கிறார்கள். இப்படித் தீ வைத்தவர்களை நீதிமன்றம் வரை கொண்டுபோனவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: படம், சாட்சி, வேறு என்ன வேண்டும்? அப்புறம், வேலியைச் சுற்றிப் புல்லை எத்தனை அடிக்குச் செருக்கினால் தீ தாண்டாது? முதுகில் மாட்டும் மருந்தடிக்கும் தாங்கி இருப்பவர்கள் மழை வரும்வரை இரவல் தந்தால் பெரிய உதவி. தண்ணீர் நிரப்பி வைத்துக்கொள்வோம்.