குமாரன் நித்தியமா பிதாவுக்கு கீழ்ப்பட்டவரா? பைபிள் ஸ்டடில கேட்டது, விளக்கம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

சத்துவாச்சாரி_அம்மா

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் வேலூர் சத்துவாச்சாரி, சி.எஸ்.ஐ. சபை. எங்க தெருவுல வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு வீட்ல பைபிள் ஸ்டடி நடக்கும், நடத்துறவரு வேற சபை, வசனத்த நல்லா கரைச்சு குடிச்சவரு, மரியாதையான மனுஷன். போன வாரம் யோவான் 14 எடுத்தாரு. "என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்"ங்கிற 28ஆம் வசனம் வந்ததும், தன்மைல பிதாவும் குமாரனும் சமம்தான் ஆனா அதிகாரத்துல பிதா மேல குமாரன் கீழ, அதுவும் மனுஷனா பொறந்த பிறகு மட்டும் இல்ல, உலகம் உண்டாகறதுக்கு முன்னாடியும் அப்படித்தான், இனிமேலும் அப்படித்தான்னு சொன்னாரு. 1 கொரிந்தியர் 15:28உம் 11:3உம் காட்டினாரு. அப்படியே வீட்டு விஷயத்துக்கு வந்து, மனைவி புருஷனுக்கு கீழ்ப்படியறது பிதா, குமாரன், ஆவிங்கிற திரித்துவத்துலயே இருக்கிற ஒழுங்குதான்னு முடிச்சாரு.

கூட வந்த என் பொண்ணு, பிளஸ் டூ படிக்கிறா, வீட்டுக்கு வர்ற வழியில "அப்போ இயேசு செகண்டாமா?"ன்னு கேட்டா. எனக்கு பதில் சொல்ல வரல. நாம திருவிருந்து ஆராதனைல விசுவாசப்பிரமாணம் சொல்றோமே, பிதாவோட ஒரே தன்மைன்னு, அதுக்கும் இதுக்கும் எப்படி ஒத்துப்போகும்? இது மர்மம், நம்பிட்டு போங்கன்னு மட்டும் தயவுசெஞ்சு சொல்லாதீங்க. வசனத்தோட சொல்லுங்க.

குடியாத்தம்_வாலிபன்

அக்கா, அவர் சொன்னத கள்ள உபதேசம்னு அவசரப்பட்டு முத்திரை குத்திடாதீங்க. அவரு இயேசுவ சிருஷ்டின்னு சொல்லல, தன்மைல சமம்னு தெளிவா சொல்லிட்டாரு. அது யெகோவா சாட்சிக்காரங்க சொல்றது மாதிரி இல்ல. நானும் ஏறக்குறைய அப்படித்தான் நம்பறேன். யோவான் 6:38 பாருங்க, "என் சித்தத்தின்படியல்ல, என்னை அனுப்பினவருடைய சித்தத்தின்படி செய்யவே நான் வானத்திலிருந்திறங்கிவந்தேன்". இறங்கி வர்றதுக்கு முன்னாடியே அனுப்பப்பட்டாருன்னா அப்பவே கீழ்ப்படிஞ்சாருன்னுதானே அர்த்தம்? பைபிள் முழுக்க தேடினாலும் குமாரன் பிதாவ அனுப்பினாருன்னு ஒரு வசனம் கிடையாது. எப்பவும் பிதாதான் அனுப்புறாரு, குமாரன்தான் வர்றாரு. அந்த வரிசை சும்மா வந்திருக்காது. கீழ்ப்படியறது கேவலம்னு நாமதான் நினைக்கிறோம், தேவனுக்குள்ள அது அன்பா இருக்கலாம் இல்லையா.

ராணிப்பேட்டை_டீச்சர்

தம்பி சொன்னதுல ரெண்டு விஷயம் சரி. இது குமாரன் உண்டாக்கப்பட்டவர்னு சொன்ன ஆரியுஸோட உபதேசம் இல்ல. அனுப்புறது எப்பவும் பிதாதான், அதுவும் உண்மை. ஆனா அதுல இருந்து நித்திய கீழ்ப்படிதலுக்கு போறதுதான் எனக்கு ஒத்துக்க முடியாத இடம், ஏன்னு கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

அலெக்சாந்திரியால ஆரியுஸ்னு ஒரு குருவானவர், அப்பான்னா புள்ளைக்கு முன்னாடி இருக்கணுமே, அப்போ குமாரன் இல்லாத ஒரு நிலை இருந்திருக்கணும்னு போதிச்சாரு. 325ல நிசேயாவுல ஆயர்கள் சங்கம் கூடி, குமாரன் உண்டாக்கப்பட்டவர் இல்ல, பிதாவிலிருந்து ஜெநிப்பிக்கப்பட்டவர், பிதாவோட ஒரே தன்மைன்னு அறிக்கை பண்ணுச்சு. அதோட சண்டை முடிஞ்சிடுச்சுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, முடியல. அதுக்கப்புறம் அம்பது வருஷத்துக்கு மேல இழுத்துச்சு, நிசேயா அறிக்கை பக்கம் நின்ன அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியார ராஜாங்க மாறி மாறி அஞ்சு தரம் நாடு கடத்துனாங்க, 381ல கான்ஸ்தாந்திநோப்பிள் சங்கத்துலதான் ஓரளவு நிலைச்சுது. அத்தனாசியார் பதில் என்னன்னா, தேவன் என்னைக்குமே பிதான்னா குமாரனும் என்னைக்குமே இருக்கணும், எபிரெயர் 1:3ல சொன்ன மாதிரி வெளிச்சம் இருந்தா பிரகாசமும் கூடவே இருக்கும், வெளிச்சம் முதல்ல வந்து பிரகாசம் அப்புறமா வர்றது இல்ல. பிரகாசம் வெளிச்சத்துல *இருந்து* வருது, அதுக்காக கீழானது ஆகிடாது.

இதுலதான் விஷயமே இருக்கு. பிதாவுக்கும் குமாரனுக்கும் நித்தியத்துல இருக்கிற வித்தியாசம் "யார்ல இருந்து யார்"ங்கிறது. பிதா யார்ல இருந்தும் வரல, குமாரன் பிதாவில இருந்து. யார் மேல யார் கீழங்கிறது இல்ல. யோவான் 5:26, பிதா தம்மில்தாமே ஜீவனுடையவர், குமாரனும் தம்மில்தாமே ஜீவனுடையவரா இருக்க அருளியிருக்கார்னு இருக்கு. முழு ஜீவனையும் குடுத்தாருன்னா அதிகாரத்த மட்டும் குறைச்சா குடுப்பாரு?

தம்பியோட 6:38க்கு வர்றேன். பழைய காலத்து சபை ஆசிரியர் அகுஸ்தீனார் இதுக்கு ஒரு வழி காட்டுறாரு. அனுப்பப்படறதுங்கிறது எஜமான் வேலைக்காரன அனுப்புற மாதிரி இல்ல, குமாரன் பிதாவில இருந்து வந்தவர்ங்கிறது நமக்கு தெரிய வர்றதுதான் அனுப்பப்படறது. நித்தியத்துல பிதாவில இருந்து இருக்கிறவரு காலத்துல பிதாவில இருந்து வர்றாரு. அதனாலதான் குமாரன் பிதாவ அனுப்பல, தம்பி கவனிச்ச வரிசைக்கு காரணமும் அதுதான்.

இன்னொன்னு, எனக்கு இதுதான் ரொம்ப முக்கியமா படுது. கீழ்ப்படியணும்னா ரெண்டு சித்தம் வேணும், ஒருத்தர் சொல்லணும் இன்னொருத்தர் தன் சித்தத்த அடக்கணும். தேவத்துவத்துல எத்தன சித்தம்? ஒரே தேவன், ஒரே சித்தம். குமாரனுக்கு தனியா ஒரு தெய்வீக சித்தம் இருந்து அது பிதாவுக்கு அடங்குதுன்னா ரெண்டு தேவர்கள் பக்கம் போயிடுவோம். அப்போ கெத்செமனேல "என்னுடைய சித்தத்தின்படியல்ல"ன்னு அழுது ஜெபிச்சாரே, அது எந்த சித்தம்? அது அவரோட மனுஷ சித்தம். மாக்சிமுஸ்னு ஒரு துறவி கிறிஸ்துவுக்கு மனுஷ சித்தமும் இருக்குன்னு விடாம சாதிச்சாரு, அதுக்காக 662ல அவர் நாக்கையும் வலது கையையும் வெட்டினாங்க, அந்த வருஷமே இறந்துட்டாரு. 681ல ஆறாவது பொதுச்சங்கம் அவர் சொன்னதுதான் சரின்னு முடிவு பண்ணுச்சு. எபிரெயர் 5:8 "குமாரனாயிருந்தும்… கீழ்ப்படிதலைக் கற்றுக்கொண்டு"ன்னு சொல்லுது. நித்தியமா கீழ்ப்படிஞ்சுகினே இருந்தவரு பூமில வந்து புதுசா அத கத்துக்க என்ன இருக்கு? நமக்காக மனுஷனாகி நம்ம எடத்துல நின்னு கீழ்ப்படிஞ்சாரு, ஆதாம் செய்யாதத செஞ்சாரு. நம்ம ரட்சிப்பே அதுல நிக்குதுமா, அதனாலதான் இத லேசா விட முடியல.

நம்ம பக்கம் 1853ல ஆர்க்காடு மிஷன ஆரம்பிச்ச ஸ்கடர் குடும்பத்தார் வந்தது அமெரிக்க சீர்திருத்த சபைல இருந்து. அந்த சபையோட விசுவாச அறிக்கையான பெல்ஜிக் அறிக்கை, 1561ல எழுதுனது, நிசேயா, அத்தனாசியார் பிரமாணங்கள அப்படியே ஏத்துக்குது. அத்தனாசியார் பேர்ல இருக்கிற பிரமாணத்துல தேவத்துவத்தின்படி பிதாவுக்கு சமம், மனுஷத்துவத்தின்படி பிதாவிலும் குறைந்தவர்னு இருக்கு. உங்க பொண்ணுக்கு இந்த ஒரு வரியே போதும்.

ஆரணி_கத்தோலிக்கன்

டீச்சர் அருமையா சொல்லிட்டாங்க, நான் 1 கொரிந்தியர் 15:28 மட்டும் எடுத்துக்கறேன், அத யாரும் இன்னும் தொடல. கடைசில மகன் தாமே தந்தைக்கு கீழ்ப்பட்டிருப்பார்னு இருக்கு. முதல்ல பாருங்க, அது "அப்போது" நடக்கப்போறதா எழுதியிருக்கு. எப்பவுமே கீழ்ப்பட்டிருக்கிறவரு முடிவுல எப்படி கீழ்ப்படுவாரு? அந்த அதிகாரம் முழுக்க ஆதாம், சாவு, உயிர்த்தெழுதல்னு போகுது, புது ஆதாமா மனுஷகுலத்த மீட்டு தந்தை கைல ஒப்படைக்கிறத பவுலடியார் சொல்றாரு. நாலாம் நூற்றாண்டுல அங்கிரா ஊர் ஆயர் மர்செல்லுஸ் இதே வசனத்த வச்சு மகனோட அரசு ஒருநாள் முடிஞ்சிடும்னு சொன்னாரு. அதுக்கு பதிலாத்தான் 381 நம்பிக்கை அறிக்கைல அவருடைய அரசுக்கு முடிவு இல்லைங்கிறது சேர்ந்துச்சு, லூக்கா 1:33ல இருந்து எடுத்தது. நாங்க ஞாயிறு பூசைல சொல்றது அதுதான், நீங்களும் சொல்றது அதேதான்.

யோவான் 14:28க்கு பழைய ஆசிரியர்கள் எல்லாரும் ஒரே பதில் சொல்லல. அகுஸ்தீனார் மனுஷனா சொன்னதுன்னு சொல்வாரு. நசியான்சு கிரகோரியார் அது உண்மைதான் ஆனா கடவுள் மனுஷனவிட பெரியவர்ங்கிறதுல என்ன அதிசயம் இருக்குன்னு கேட்டுட்டு, தந்தை மூலகாரணம்ங்கிறதால பெரியவர், இயல்புல சமம்னு விளக்குவாரு. எனக்கு கிரகோரியார் சொல்றதுதான் பிடிக்கும். ரெண்டு பேருமே தந்தை கட்டளை போடறவரு மகன் கேக்கறவருன்னு அத வாசிக்கல.

சத்துவாச்சாரி_அம்மா

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, பொண்ணுக்கும் படிச்சு காமிச்சேன். 11:3 மட்டும் இன்னும் உறுத்துது. கிறிஸ்துவுக்கு தேவன் தலைன்னு நேராவே இருக்கே டீச்சர். நான் என் வீட்டுக்காரருக்கு கீழ்ப்படிய மாட்டேன்னு இங்க வரல, அது என் பிரச்சினையே இல்ல. இயேசுவ எடுத்து அதுக்கு உதாரணமா வச்சதுதான் மனசு கேக்கல.

ராணிப்பேட்டை_டீச்சர்

அங்க குமாரன்னு இல்லமா, கிறிஸ்துன்னு இருக்கு, மனுஷனா வந்து அபிஷேகம் பெற்ற மேசியாவ பத்தி பேசுறாரு. அவருக்கு தேவன் தலைங்கிறதுல எந்த சிக்கலும் இல்ல. உலகத்தோற்றத்துக்கு முன்னாடி பிதாவுக்கும் குமாரனுக்கும் நடுவுல எப்படின்னு பவுல் அங்க சொல்லவே இல்ல. புருஷன் மனைவிக்குன்னு விரிவா எழுதுற எபேசியர் 5லயும் அவர் எடுக்கிறது கிறிஸ்துவும் சபையும், சபைக்காக தன்னையே குடுத்தத. திரித்துவத்த எடுக்கல.

இந்த போதனை எங்க இருந்து வருதுன்னும் தெரிஞ்சுக்கோங்க. வேயின் குரூடம், புரூஸ் வேர்னு ரெண்டு அமெரிக்க இறையியல் பேராசிரியர்கள் இத எழுதி பரப்புனாங்க. 2016ல இன்டர்நெட்ல பெரிய விவாதமே நடந்துச்சு. எதிர்த்து எழுதுன லியம் கோலிகர், கார்ல் ட்ரூமன் இவங்களும் குடும்பத்துல புருஷன் தலைன்னு நம்பறவங்கதான், அதனால இது பெண்ணுரிமை சண்டை இல்ல, திரித்துவத்த தொடாதீங்கன்னுதான் சொன்னாங்க. அந்த வருஷக் கடைசில குரூடமும் வேரும் குமாரன் நித்தியமா ஜெநிப்பிக்கப்பட்டவர்ங்கிறத ஏத்துக்கிட்டாங்க, கீழ்ப்படிதல் விஷயத்த மட்டும் விடல.

குடியாத்தம்_வாலிபன்

டீச்சர், ஒரே சித்தம்னு சொன்னது யோசிக்க வைக்குது, அத நான் இந்தப் பக்கத்துல இருந்து பார்த்ததில்ல. ஆனா வரிசைங்கிறத முழுசா விட முடியல, பிதா குமாரன் ஆவின்னுதான் சொல்றோம், மாத்தி சொல்றதில்லையே.

ராணிப்பேட்டை_டீச்சர்

வரிசைய விடவே வேணாம் தம்பி. பிதாவில இருந்து குமாரன் வழியா ஆவியில, எல்லா செயலும் அப்படித்தான் நடக்குது. யோவான் 5:19 பாருங்க, பிதா எவைகளை செய்கிறாரோ அவைகளை குமாரனும் அந்தப்படியே செய்கிறார். பிதா கட்டளை குடுத்து குமாரன் வேற வேலை செய்யல, அதே வேலைய அதே வல்லமையோட செய்றாரு. 23ஆம் வசனம் பிதாவைக் கனம்பண்ணுகிறதுபோல குமாரனையும்னு சொல்லுது, ஒரு படி குறைச்சு இல்ல.

சத்துவாச்சாரி_அம்மா

வர்ற வெள்ளிக்கிழமை யோவான் 5ஆம் அதிகாரம் 18ல இருந்து 26 வரைக்கும் எடுக்கலாமான்னு அவர்கிட்டயே போன்ல கேட்டுட்டேன், சரின்னுட்டாரு. தேவத்துவத்துல சித்தம் ஒண்ணா ரெண்டான்னு மரியாதையா ஒரு கேள்வி கேக்கப்போறேன். பொண்ணும் வர்றேன்னா. ஜெபிச்சுக்கோங்க.