2030 நவம்பர் கிரகணம்: சரணாலயத்துக்குள் இருந்து பார்ப்பதா, வெளியில் நின்று பார்ப்பதா?

கேட்டவர்: சாட்ஸ்வொர்த் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். 2030 நவம்பர் 25, திங்கட்கிழமை காலையில் நிகழவிருக்கும் முழுச் சூரிய கிரகணத்தின் பாதை, நமீபியா, போட்ஸ்வானா வழியாக நம் தென்னாப்பிரிக்காவுக்குள் வந்து, டர்பன் பக்கமாக இந்தியப் பெருங்கடலில் இறங்குகிறது. அதற்கென ஒரு வாரச் சுற்றுலாவுக்கு ஒரு சுற்றுலா நிறுவனத்தார் முன்பணம் கேட்கிறார்கள். இரவில் தொலைநோக்கியில் வானம், பகலில் காட்டு விலங்குகள், கிரகணத்தன்று சரணாலயத்துக்குள்ளேயே திறந்த ஜீப்பில் அமர்ந்து பார்ப்பது என்பது அவர்களுடைய திட்டம். டர்பனிலேயே சூரியன் முழுதாக மறையும்போது, இவ்வளவு செலவு செய்து போவது தகுமா? எழுபது வயதைத் தாண்டிய என் தாயாரும் உடன் வர விரும்புகிறார். கிரகணம் விட்டுத் தலைக்குக் குளித்த பிறகே விளக்கேற்றிச் சாப்பிடுகிறவர் அவர்.

பதில்: வெருலம் பெரியவர்

மகளே, சுற்றுலாவுக்குப் போங்கள். ஆனால் கிரகணத்தன்று காலையில் மட்டும் சரணாலயத்துக்குள் இருக்காதீர்கள். 2002 டிசம்பர் 4 அன்று குரூகர் வனவிலங்குப் பூங்காவின் வடபகுதியில் நான் கற்றுக்கொண்டது இது. அன்றும் காலை வேளைதான். விடியும்போதே மேகம் மூடியிருந்தது. கிழக்கே, கண்ணுக்கெட்டும் தொலைவில் ஒரு கீற்று நீலவானம் தெரிந்தும், எங்களால் அங்கே போக முடியவில்லை. பூங்காவுக்குள் தார்ச்சாலையிலேயே மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டக்கூடாது, குறித்த இடங்கள் தவிர வேறெங்கும் வண்டியை விட்டு இறங்கவும் கூடாது. எங்களை அழைத்துப்போனவர்களிடம் மாற்று இடம் பற்றிய யோசனையே இல்லை. திடீரென்று இருட்டியது, சில்லென்று காற்று வந்தது, மொப்பேன் மரங்களில் கத்திக்கொண்டிருந்த சில்வண்டுகள் ஓய்ந்தன. சூரியனை மட்டும் நாங்கள் பார்க்கவே இல்லை. பக்கத்து இருக்கையில் என் மனைவி கிரகணக் கண்ணாடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி இருந்த முகம் இன்றும் என் கண்முன் நிற்கிறது.

நவம்பர் நம் கடற்கரைக்கு மழைக்காலம், ஆகவே டர்பனில் மேகம் வரும் வாய்ப்பு மிகுதி. உள்நாட்டிலோ இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். மேற்கே கலஹாரிப் பாலைவனப் பக்கம் போகப்போக வறட்சி கூடும். எனவே முன்பணம் கட்டுமுன், காலையில் மேகம் வந்தால் எங்களை எங்கே கொண்டுபோவீர்கள், முந்தைய மாலையே முடிவெடுப்பீர்களா என்று எழுத்தில் கேளுங்கள். தங்குமிடம் முழுக்கிரகணப் பாதைக்குள் இருக்கிறதா என்பதையும் நாசா வரைபடத்தில் நீங்களே பாருங்கள். 99 விழுக்காடு மறைந்தாலும் போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சூரியன் முழுநிலவைவிட ஏறத்தாழ 4 லட்சம் மடங்கு பிரகாசமானது; எஞ்சும் ஒரு விழுக்காடே ஆயிரக்கணக்கான நிலவுகளுக்குச் சமம் என்பதால், அந்த வெளிச்சத்தில் சூரியனைச் சூழ்ந்திருக்கும் கொரோனா என்ற ஒளிவட்டம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

பதில்: டோங்காட் பறவை ஆர்வலர்

ஐயா சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன், ஆயினும் விலங்குகளுக்காகவே போகிறவர்களின் ஆவலையும் நான் அறிவேன். 2017 ஆகஸ்டில் அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஒரு விலங்குக்காட்சிச் சாலையில் 17 இனங்களைக் கவனித்தார்கள். அவற்றில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஏதோ ஒரு விதத்தில் நடத்தையை மாற்றிக்கொண்டன, ஒட்டகச்சிவிங்கிகள் ஓடத் தொடங்கின. ஆனால் அது அடைப்புக்குள் இருந்த விலங்குகளைப் பற்றியது. காட்டில் அந்த இரண்டொரு நிமிடத்தில் யானை உங்கள் எதிரில்தான் நிற்கும் என்று எந்த வழிகாட்டியாலும் உறுதி தர முடியாது. வானத்தையும் புதரையும் ஒரே நேரத்தில் பார்க்கவும் இயலாது. ஆகவே காதை விலங்குகளுக்கும் கண்ணை வானத்துக்கும் கொடுங்கள். கைப்பேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, அதைக் கீழே வைத்துவிடுங்கள். நம் வீட்டுக் கூரைமேல் அந்திசந்தியில் கத்திக்கொண்டு பறக்கும் ஹடீடாப் பறவைகள் அந்த இருட்டில் என்ன செய்கின்றன என்பதே எனக்குப் போதுமான வியப்பு.

இரவு வானத்தைப் பற்றி ஒன்று. சூரிய கிரகணம் அமாவாசையில்தான் வரும் என்பதால், முன்னும் பின்னுமுள்ள இரவுகளில் நிலவொளித் தொல்லை இராது. நம் முன்னோரின் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து தெற்கு அடிவானத்தை ஒட்டியே தெரியும் மகெல்லன் மேகங்கள் என்ற நட்சத்திரக் கூட்டங்கள் இங்கே தெற்கு வானில் பாதி உயரத்துக்கு ஏறி நிற்கும், அகத்திய நட்சத்திரமும் அருகில் மின்னும். அம்மாவுக்கு அதைக் காட்டுங்கள்.

கேட்டவர்: சாட்ஸ்வொர்த் ஆசிரியை

மிக்க நன்றி. கிரகணத்துக்கு முந்தைய மாலையே சரணாலயத்தை விட்டு வெளியேறி, நெடுஞ்சாலைக்கு அருகில் தங்க இயலுமா என்று அவர்களுக்கு எழுதிவிட்டேன். அம்மா கிரகணக் கண்ணாடியை எப்போது கழற்றலாம்?

பதில்: வெருலம் பெரியவர்

வைர மோதிரம் போல் கடைசி ஒளிப்புள்ளி மின்னி அணைந்த பிறகுதான் கழற்ற வேண்டும். மறுபக்கம் ஒளி எட்டிப்பார்த்தவுடன் மீண்டும் போட்டுக்கொள்ள வேண்டும். கண்ணாடியில் ஐஎஸ்ஓ 12312-2 என்ற பாதுகாப்புத் தரக்குறி இருக்கிறதா, கீறல் விழுந்திருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். தங்குமிடத்தில் வெந்நீர் கிடைக்குமா என்றும் கேட்டுவையுங்கள், அம்மா தலைக்குக் குளிக்க வேண்டுமல்லவா.