கலைச்சொல் தேவை: ‘ரேட் டிராப் பாண்ட்’ (rat-trap bond) செங்கல் கட்டு

கட்டடக்கலைஞர், கும்பகோணம்:

குழும நண்பர்களுக்கு வணக்கம். காவிரிப் படுகையில் வயல் நடுவே எழுப்பும் விருந்தினர் இல்லங்களுக்காக ஒரு கட்டுமானக் கையேடு தமிழில் தயாராகிறது. கொத்தனாரும் மேற்பார்வையாளரும் வேலையிடத்திலேயே புரட்டிப் பார்க்க வேண்டிய நூல். கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய ‘ரேட் டிராப் பாண்ட்’ முறையைத்தான் சுவருக்கு எடுத்திருக்கிறோம். இதற்குத் தமிழ்ச்சொல் வேண்டும்.

செங்கல்லைப் படுக்க வைக்காமல் ஒருக்களித்து நிறுத்த வேண்டும். சுவரின் இரு முகத்துக்கும் ஒவ்வொன்றாக இரண்டு நீளக்கல், அடுத்து சுவரின் முழு அகலத்துக்கும் ஒரு குறுக்குக்கல், மீண்டும் இரண்டு நீளக்கல். 9×4½×3 அங்குலக் கல்லானால் சுவர் அதே 9 அங்குலம்தான்; நடுவே 3 அங்குலம் வெற்றிடம். 10 மி.மீ. சாந்துக்குக் கணக்கிட்டால் கெட்டிச் சுவரில் சதுர மீட்டருக்கு 98 கல் பிடிக்கும், இதில் 75 போதும். பூச்சு தேவையில்லை. மண்ணின் நிறத்திலேயே சுவர் நிற்பதால் வரப்பில் இருந்து பார்க்கையில் கட்டடம் துருத்தித் தெரியாது. உள்ளிருக்கும் காற்று மேற்குவெயிலின் சூட்டையும் தணிக்கும்.

இப்போதைக்கு ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்து ‘எலிப்பொறிக் கட்டு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.

தமிழாசிரியர், மன்னார்குடி:

ஐயா, அது சரிப்படாது. நம் பக்கம் எலி பிடிக்கிற கருவி என்றால் கிட்டி. மூங்கிலை வில்லாக வளைத்து வயலில் வைப்பது. அதற்கும் இந்தச் சுவருக்கும் உருவ ஒற்றுமை ஏதுமில்லை. போதாக்குறைக்கு, வயல் நடுவே தங்கும் வீட்டின் சுவருக்கு எலியின் பெயரா என்று வீட்டுக்காரர் கேட்பார்.

‘பொள்கட்டு’ எனலாமா? பொள் என்றால் துளை. பொள்ளல் இலக்கியத்தில் உண்டு. சுருக்கமாகவும் இருக்கிறது.

கட்டுமானப் பொறியாளர், திருவாரூர்:

ஆசிரியர் அம்மா சொன்ன பொள் அழகான வேர்தான். ஆனால் பொள்ளுதல் என்பது இருக்கிற பொருளைத் துளைப்பது. உளி படாதவரைத்தானே திருநாரையூரில் பொள்ளாப் பிள்ளையார் என்கிறோம்? இங்கே யாரும் எதையும் துளைப்பதில்லை. கல்லை அடுக்கும்போதே இடம் விட்டுப்போகிறோம். கொத்தனார் ‘பொள்’ என்று கேட்டால், துளையுள்ள ஹாலோ பிளாக்கைத்தான் நினைப்பார்.

‘குழிவுச் சுவர்’, ‘இடைவெளிக் கட்டு’ இரண்டையும் இப்போதே ஒதுக்கிவிடுங்கள். அவை தனித்தனி இரண்டு சுவர்களைக் கம்பியால் இணைக்கும் கேவிட்டி வாலுக்குப் போக வேண்டியவை. நம் சுவரில் குறுக்குக்கல்லே இரு முகத்தையும் பிடித்திருக்கிறது. இந்த வேறுபாடு சொல்லில் தெரிந்தாக வேண்டும்.

வெற்றிடத்தின் வடிவத்தையும் கவனியுங்கள். அது மூடிய பெட்டி அல்ல. மேல்வரிசைக் குறுக்குக்கல் கீழ்வரிசை நீளக்கல்லின் நட்டநடுவில் வந்து உட்காரும். அதன் இரு பக்கமும் சுமார் 86 மி.மீ. திறப்பு மேலிருந்து கீழ்வரை நேராக ஓடும். இதனால் ஒரு நன்மை, இரண்டு தொல்லை. 25 மி.மீ. மின்குழாயைச் சுவரை வெட்டாமலே இறக்கலாம். ஆனால் கவனமில்லாமல் போட்ட சாந்து இதே வழியாக விழுந்து அடியில் குவியும். இரு முகத்துக்கும் பாலமாகி மழை ஈரத்தை உள்ளே கடத்தும். அறுவடை முடிந்து மேட்டைத் தேடி வரும் எலிக்கும், கறையானுக்கும் இதுவே ஏணி.

ஆகவே 3 அங்குல அகலப் பலகையை வெற்றிடத்தின் மேல் வைத்து, இரு ஓரத்திலும் மட்டும் சாந்து போட்டு, பலகையை எடுத்த பிறகே கல் வைக்க வேண்டும். அடித்தள மட்டம், ஜன்னலின் அடிமட்டம், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் விட்டம்) மட்டம், கூரை உட்காரும் இடம் ஆகிய நான்கிலும் வெற்றிடம் இல்லாத கெட்டி வரிசை வர வேண்டும். கதவு, ஜன்னல் ஓரங்களும் கெட்டிதான், இல்லையென்றால் நிலையைச் சுவரோடு பிணைக்கும் இரும்புப் பட்டையான ஹோல்டுஃபாஸ்ட் பிடிக்காது. மின்குழாயைக் கெட்டி வரிசை கட்டும்போதே நுழைத்துவிட வேண்டும். பிறகு உடைத்தால் அந்த ஓட்டையே எலிக்கு வாசல். இந்தக் கெட்டி வரிசைக்கும் ஒரு சொல் தேவை.

சொல்லாய்வாளர், சென்னை:

பொறியாளர் ஐயா விளக்கியதிலேயே விடை இருக்கிறது. மூடிய பெட்டி அல்ல, குறுக்கே சட்டங்கள், இடையிடையே திறப்பு. அதற்கு நம்மிடம் கூண்டு என்ற சொல் இருக்கிறது. கடையில் விற்கும் கம்பிப் பொறியையும் எலிக்கூண்டு என்றுதான் கேட்டு வாங்குகிறோம். எலியை விட்டுவிட்டுக் கூண்டை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: கூண்டுக்கட்டு. அதைக் கொண்டு எழுப்பியது கூண்டுச்சுவர், உள்ளிடம் கூண்டுவெளி. கெட்டி வரிசைக்கு ‘மூடுவரிசை’. கூண்டுவெளியை மூடுவதுதானே அதன் வேலை?

‘கூடு’ என்ற வடிவம் வேண்டாம். கூட்டுச்சுவர் என்றால் இரு வீட்டுக்கும் பொதுவான சுவர் என்று பொருள்படும்.

தமிழாசிரியர், மன்னார்குடி:

கூண்டுக்கட்டுக்கு என் முழு ஒப்புதல். பொள்கட்டைத் திரும்பப் பெறுகிறேன். சந்தி விடாமல் ‘க்’ போட்டே எழுதுங்கள்.

கட்டடக்கலைஞர், கும்பகோணம்:

மகிழ்ச்சி, நன்றி. ‘மூடுவரிசை’யும் வேலையிடத்தில் சொன்னதும் விளங்கும் சொல். கையேட்டில் பின்வருமாறு சேர்க்கிறேன்.

கூண்டுக்கட்டு: செங்கற்களை ஒருக்களித்து நிறுத்தி, நீளக்கல் இரண்டுக்கு ஒரு குறுக்குக்கல் வீதம் அடுக்கி, நடுவே கூண்டுவெளி விட்டுக் கட்டும் முறை. கூண்டுவெளியில் சாந்தோ கல்துண்டோ விழக்கூடாது.

இதன் கீழே சில எச்சரிக்கைகள் வரும். சூளையில் கோணிய நாட்டுச் செங்கல் இதற்கு ஆகாது. இரு முகமும் வெளியே தெரிவதால் ஒரு கல் பிசகினாலும் வரிசையே நெளியும். 20 கல்லை நெருக்கி வரிசையாக அடுக்கி நீளம் பார்ப்பது இந்தியத் தரநிலையில் உள்ள சோதனை. ஒவ்வொரு லோடுக்கும் அதைச் செய்ய வேண்டும். வெளிமுகம் 3 அங்குலமே என்பதால் வடகிழக்குப் பருவமழை அடிக்கும் பக்கத்தில் இறவாரம் (சுவரைத் தாண்டி நீளும் கூரை ஓரம்) 750 மி.மீ.க்குக் குறையக்கூடாது. சாந்து இணைப்புகளையும் ஆழக் கீறி, மீண்டும் சாந்து அடைத்து நன்றாகப் பாயின்டிங் செய்ய வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் ஓட்டுக்கூரைகளை என்ன செய்தது என்று இந்தப் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். அதனால் மூலைகளிலும் சுவர்கள் சந்திக்கும் இடங்களிலும் கூண்டுவெளியில் கம்பி நிறுத்திக் கான்கிரீட் நிரப்பி, கூரைச்சட்டத்தை அந்தக் கம்பியோடு போல்ட் போட்டுப் பிணைக்கச் சொல்கிறோம்.

பொறியாளர் ஐயாவிடம் ஒன்று: சாந்துக்கு 1:6 சிமென்ட், மணல் கலவை என எழுதியிருக்கிறேன். சுண்ணாம்பு சேர்த்த 1:1:6 (சிமென்ட், சுண்ணாம்பு, மணல்) கலவையையும் மாற்றாகத் தரலாமா? அப்படித் தந்தால் அந்தக் கலப்புச் சாந்துக்கும் ஒரு பெயர் வேண்டியிருக்கும்.