கல்லுப்பா, பாறையுப்பா, உப்புப்பாறையா?

வணக்கம்.

கனிய மாதிரிப் பெட்டிக்கான சுட்டுத்துண்டுகளில் உப்புக்கு என்ன பெயர் எழுதுவது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. “கல்லுப்பு” போதும் என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். போதாது. புறக்கோட்டையில் எந்தக் கடையில் கல்லுப்புக் கேட்டாலும் புத்தளத்திலோ ஆனையிறவிலோ விளைந்த பரும்படி உப்பைத்தான் நிறுத்துத் தருவார்கள். உவர்நீரைப் பாத்தியில் தேக்கி, வெயிலில் வற்றவைத்து வாரியது அது. நமக்கு வேண்டியது, நிலத்துக்கடியில் படுகையாகக் கிடப்பதற்கு ஒரு சொல்.

“இந்துப்பு” அழகான சொல்தான். ஆனால் அது சிந்து நாட்டு உப்பு, சைந்தவம், மருந்துக்கடைப் பெயர். பாகிஸ்தானின் கேவ்ரா சுரங்கத்து உப்புக்குப் பொருந்தும். போலந்தின் வியெலிச்கா சுரங்கத்து உப்பையும் இந்துப்பு என்றால் சிரிப்பார்கள்.

என் முன்மொழிவு “உப்புப்பாறை”. தமிழ்த் தொகைச்சொல்லில் கடைசிச் சொல்தான் தலை. சுண்ணக்கல் என்றால் கல். பாறையுப்பு என்றால் உப்பு. கடல் வற்றும்போது முதலில் காபனேற்றுகள் படியும். நீர் ஏறத்தாழ ஐந்திலொன்றாகச் சுருங்கும்போது ஜிப்சம், பத்திலொன்றாகும்போது உப்பு, கடைசியில் பொற்றாசியம், மகனீசிய உப்புகள். இந்த அடுக்கில் நடுவே கிடப்பது ஒரு பாறை. அதைப் பாறை என்றே சொல்லுவோம்.

(வெள்ளவத்தை)

---

> அதைப் பாறை என்றே சொல்லுவோம்.

ஐயா, படுகைக்குச் சரி. பெட்டியில் இருப்பது படுகை அல்லவே, விரலளவு பளிங்கு! அதன்மேல் உப்புப்பாறை என்று ஒட்டினால், அலையடித்து உப்புப் பூத்த கடற்கரைப் பாறை என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள். கனியத்துக்கு ஒரு பெயர், பாறைக்கு ஒரு பெயர் என்று பிரித்தால் சண்டையே இல்லை. குவாட்சும் மணற்கல்லும் போல.

கனியத்தை “உப்புக்கனியம்” எனலாமா என்றால், வேண்டாம். இரசாயனத்தில் உப்பு என்பது ஒரு வகுப்பு. சில்வைற்றும் (பொற்றாசியம் குளோரைட்டு) உப்புக்கனியம்தானே. அதுவும் கனசதுரமாகவே பளிங்காகும், அதே மாதிரிப் பிளக்கும். நாக்கில் வைத்தால்தான் கசப்பு தெரியும். மாதிரியை நக்கிப் பார்க்கச் சொல்லிச் சுட்டுத்துண்டில் எழுத முடியாது. ஆகவே ஆங்கிலத்து halite என்பதையே ஒலிபெயர்த்து “ஏலைற்று”. கல்சைற்று போன்ற கனியப் பெயர்கள் இருக்கும் வரிசையில் இது உறுத்தாது. ஹகரம் வேண்டுமென்று யாராவது கேட்பார்கள். எனக்கு அதில் பிடிவாதம் இல்லை.

இன்னொன்று. சுட்டுத்துண்டு வரைவில் உள்ள “பளிங்கு உருவால் கல்லுப்பிலிருந்து வேறுபடும்” என்ற வரியை எடுத்துவிடுங்கள். பிழை. உப்பளத்துப் பரலும் அதே சோடியம் குளோரைட்டு. பிளேட்டை அதன் முகத்துக்குச் சமாந்தரமாக வைத்து மெல்லத் தட்டினால், அதுவும் செங்கோணத்திலேயே பிளக்கும். வேறுபாடு தோற்றத்தில் இல்லை, பிறப்பில்தான்: ஒன்று தானாகப் படிந்தது, மற்றது மனிதர் பாத்தி கட்டி விளைவித்தது.

(தெஹிவளை)

---

ஒப்புக்கொள்கிறேன். கனியம் ஏலைற்று, படுகை உப்புப்பாறை, வெட்டி விற்கும் பொருள் பாறையுப்பு. கல்லுப்பு கடைக்காரரிடமே இருக்கட்டும்.

பெயரைவிட அவசரமான ஒன்று: மாதிரி கசிகிறது. சாரீரப்பதன் (காற்றின் சார்பு ஈரப்பதம்) சுமார் 75 வீதத்தைத் தாண்டினால் தூய உப்பே காற்றின் ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். மகனீசியம் குளோரைட்டு கலந்திருந்தால் அதற்கும் முன்னரே. கொழும்பில் அது அன்றாடக் கதை. விளிம்பு மழுங்கி, அடியில் போட்ட பஞ்சு நனைந்து, பக்கத்தில் இருக்கும் பைரைற்றும் (இரும்புச் சல்பைட்டுக் கனியம்) கறுக்கும். தனிச் சிறு டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு மூடி வையுங்கள். அழுக்கானால் தண்ணீரில் கழுவ வேண்டாம்; 100 மில்லிலீற்றரில் 36 கிராம் கரைந்து போகும். அற்ககோல் தொட்ட துணியால் துடைத்தால் போதும்.

சுட்டுத்துண்டு இப்படி: “ஏலைற்று. சோடியம் குளோரைட்டு. கனசதுரம், மூன்று திசையில் செங்கோணப் பிளவு. வன்மை 2.5, சாரடர்த்தி 2.17. உப்புப்பாறையின் முதன்மைக் கனியம். ஈரக்கையால் தொடாதீர்.”

(வெள்ளவத்தை)