இரத்த நிறத் திரவத்தை வழித்துக்கொண்டே இருந்த அந்த இயந்திரக் கை உண்மையில் இறந்ததா?

தாழை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். கண்ணாடி போன்ற தடுப்புக்குள் தனியாக நிற்கும் ஓர் இயந்திரக் கை, தன்னைச் சுற்றிப் பரவும் செந்நிறத் திரவத்தைப் பெரிய வைப்பர் ஒன்றால் ஓயாமல் வழித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும் காணொளியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அதை எனக்கு அனுப்பிய தோழி, அந்தத் திரவம்தான் கையின் உயிர் என்றும், கசிந்ததைத் திரட்டிக்கொண்டால்தான் அது இயங்க முடியும் என்றும், முதலில் பார்வையாளர்களுக்காக ஆடிக்கொண்டிருந்த அது நாளடைவில் ஆடவும் நேரமில்லாமல் களைத்து 2019இல் இறந்துபோனது என்றும் எழுதியிருந்தார். படித்தபோது அழுதுவிட்டேன். மழைக்காலத்தில் ஒழுகிய எங்கள் ஓட்டு வீட்டில் இரவெல்லாம் தண்ணீரை வழித்துக்கொண்டிருந்த என் அம்மாவே கண்முன் வந்தார்.

இந்தச் செய்தி உண்மைதானா? தொழில்நுட்பம் நமக்குத் தரும் நம்பிக்கையைப் பற்றியும் அச்சத்தைப் பற்றியும் அந்தக் கலைஞர்கள் சொல்ல வந்தது என்ன?

ஏட்டுச்சுவடி:

அந்தப் படைப்பின் பெயர் 'கான்ட் ஹெல்ப் மைசெல்ஃப்'. 'என்னை அடக்கிக்கொள்ள முடியவில்லை' என்று பொருள் கொள்ளலாம். பெய்ஜிங்கில் வாழும் சுன் யுவான், பெங் யூ என்ற இணையர், நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகம் கேட்டுக்கொண்டதன்பேரில் 2016இல் உருவாக்கியது. அந்தத் திரவம் இயந்திரத்துக்குள்ளிருந்து கசிவதில்லை. செல்லுலோஸ் ஈதர் கலந்து குழகுழப்பாக்கிய, நிறமேற்றிய தண்ணீர்தான் அது. வரையறுத்த எல்லையைத் தாண்டித் திரவம் பரவுவதை மேலே பொருத்திய காட்சி உணரிகள் கண்டதும் கை அந்தப் பக்கம் திரும்பி வழிக்கிறது. இடையிடையே, 'அரிப்பைச் சொறிதல்' என்பதைப் போன்ற பெயர்களுடன் கற்றுக்கொடுக்கப்பட்ட 32 அசைவுகளில் சிலவற்றைச் செய்கிறது. 2019 மே முதல் நவம்பர் வரை இத்தாலியின் வெனிஸ் பியனாலே என்ற கலைக் கண்காட்சியில் வைக்கப்பட்டிருந்தது. இறந்த ஆண்டாகச் சொல்லப்படுவது அந்தக் கண்காட்சி நடந்த ஆண்டுதான்.

கலைஞனின் விருப்பத்தின் இடத்தில் ஓர் இயந்திரத்தை வைத்துப் பார்ப்பதே அவர்களின் தொடக்க எண்ணம். அருங்காட்சியகத்தின் விளக்கமோ, நாட்டு எல்லைகளைக் கண்காணிப்பதையும் அதிலிருந்து பிறக்கும் வன்முறையையும் நினைவூட்டுகிறது. நாம் அந்தக் கையை நோயாளியாகப் பார்த்துவிட்டோம். அது காவலாளியாகவே அங்கே நிறுத்தப்பட்டிருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆறுஅச்சு:

வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வெல்டிங் ரோபோக்களைப் பராமரிப்பது பதினோரு ஆண்டுகளாக என் வேலை என்பதால் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். காணொளியில் இருப்பது ஜெர்மனியின் கூகா நிறுவனத்துக் கை. ஆறு அச்சுகளையும், அதாவது கை திரும்பும் ஆறு மூட்டுகளையும், மின்மோட்டாரால் இயக்கும் ரோபோவை 1973லேயே செய்த நிறுவனம் அது. ஆகவே உள்ளே எண்ணெய் வற்றி உயிர் போவதற்கு வழியில்லை. அந்த 32 அசைவுகள்தான் என்னை மிகவும் நெகிழ வைக்கின்றன. இப்படி ஒன்றைக் கற்றுக்கொடுக்க வேண்டுமானால், டீச் பெண்டன்ட் என்ற ரோபோவை இயக்கும் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு, நொடிக்கு 250 மில்லிமீட்டருக்கு மேல் போகாத வேகத்தில் கையை நகர்த்தி, ஒவ்வொரு புள்ளியாகப் பதிய வைப்பதுதான் நாங்கள் செய்யும் முறை. குனிவதைப் போன்ற ஓர் அசைவுக்கே அரை நாள் ஆகலாம். நாம் உயிர் என்று நினைத்தது, இப்படி ஒருவரோ சிலரோ பொறுமையோடு இட்டுவைத்த உழைப்பு.

நம்பிக்கையைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். 1961இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் யூனிமேட் என்ற முதல் தொழிற்சாலை ரோபோ செய்த வேலை, வார்ப்பு அச்சிலிருந்து வெளிவரும் கொதிக்கும் உலோகத் துண்டுகளை எடுத்து வைப்பது. வெல்டராக இருந்த என் மாமாவின் முன்கை முழுவதும் தீப்பொறி பட்ட தழும்புகள். எங்கள் ஆலையில் இன்று அந்தப் பொறிகள் இரும்பின்மேல்தான் விழுகின்றன. இதைச் சிறிய நன்மை என்று யாரும் சொல்லக் கூடாது. ஆனால் ரோபோவைச் சுற்றியுள்ள வேலியின் கதவைத் திறந்தால் இயந்திரம் நின்றுவிடும்படி நாங்கள் பூட்டு அமைப்பது, எதிரே இருப்பது தகடா மனிதரா என்று அதற்குத் தெரியாது என்பதால்தான். இந்தக் கைக்கும் அப்படித்தான்: கோட்டைத் தாண்டிய சிவப்பு என்பதற்கு மேல் அதற்கு எதுவும் தெரியாது.

கடலோடி:

வெனிஸில் நேரில் பார்த்தேன். காணொளிகளில் சோகமான இசை சேர்த்துவிடுவதால் ஒரு முக்கியமான அனுபவம் காணாமல் போய்விடுகிறது. அங்கே கேட்டது மோட்டாரின் உறுமலும், வைப்பர் தரையில் இறங்கி உராயும் ஓசையும், திரவம் தடுப்பில் சொத்தென்று விழும் சத்தமும்தான். சற்று நேரம் நின்று பார்த்த பிறகுதான் ஒன்று விளங்கியது. திரவம் தானாகப் பரவும்போது தரையோடு தரையாக மெல்லத்தான் நகர்கிறது. அதைச் சுவர்கள்மேல் வாரி இறைப்பது அந்தக் கையின் வீச்சுதான். சுத்தம் செய்ய வந்ததே கறையை உயரே ஏற்றிக்கொண்டிருந்தது.

எல்லையைக் காக்கக் கண்காணிப்புக் கருவிகளை நிறுத்தும் அரசுகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சுவர்கள்தான் நினைவுக்கு வருகின்றன. அங்கே எல்லோரும் கையைத்தான் படமெடுத்தார்கள், நானும் அப்படியே செய்தேன். கோடு தரையில் வரையப்படவில்லை, உணரிகளுக்கு மட்டுமே தெரிந்த கோடு அது. அதை எங்கே போடுவது என்று முடிவு செய்தவர் அந்தக் கூண்டுக்குள் இல்லை.

தாழை:

மூவருக்கும் என் உளமார்ந்த நன்றி. நேற்றிரவு ஒலியை நிறுத்திவிட்டுக் காணொளியை மீண்டும் பார்த்தேன். இம்முறை கையை விட்டுவிட்டுத் தடுப்புகளை மட்டும் கவனித்தேன். கடலோடி சொன்னதைப் போலவே, ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு புதிய தெறிப்பு விழுகிறது.

அம்மாவோடு ஒப்பிட்டதைப் பற்றியும் யோசித்தேன். அவர் தண்ணீரை வெளியே, வாசலைத் தாண்டித் தள்ளினார். இந்தக் கை உள்ளே இழுக்கிறது. அதைவிடவும் பெரிய வேறுபாடு ஒன்று இருக்கிறது. விடியும் நேரத்தில் களைத்துப்போனால் அம்மா ஒழுகும் இடத்தில் குண்டானை வைத்துவிட்டு, எங்கள் பாயின் ஓரத்தில் வந்து படுத்துக்கொள்வார். காலையில் வீடு ஈரமாகத்தான் இருக்கும்.