கஞ்சாச் சாகுபடியில் ஆண்செடி அகற்றலுக்கும் விதையில்லாப் பூவுக்கும் தமிழ்ச் சொல்

கலைச்சொற் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

19ஆம் நூற்றாண்டில், இன்றைய வங்காளதேசத்தின் வடமேற்கிலுள்ள நவகாவ் வட்டாரத்தில், அரசின் உரிமத்தோடு திறந்த வயலில் நடந்த கஞ்சாச் சாகுபடியைப் பற்றித் தமிழில் ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதி வருகிறேன். ‘கஞ்சா மகால்’ என்று ஆவணங்கள் குறிக்கும் அந்த நிலப்பரப்பு, ராஜசாகி, தினாஜ்பூர், போக்ரா ஆகிய மூன்று மாவட்டங்களிலும் பரவி, ஏறத்தாழ 16 மைல் ஆரத்துக்குள் அடங்கியிருந்தது. 1877இல் ஹேம் சந்தர் கெர் எழுதிய அறிக்கையும், கல்கத்தா அரச தாவரவியல் தோட்டத்தைச் சேர்ந்த டேவிட் பிரெயின் 1893இல் எழுதிய அறிக்கையும், 1,193 பேரின் சாட்சியத்தைப் பதிவுசெய்து 1894இல் பணி முடித்த ஆணையத்தின் அறிக்கையும் அந்த வேளாண்மையை விதைப்பிலிருந்து அறுவடை வரை விவரிக்கின்றன. ‘இண்டியன் ஹெம்ப் டிரக்ஸ் கமிஷன்’ என்ற அந்த ஆணையத்தின் ஆங்கிலப் பெயரிலுள்ள ‘ஹெம்ப்’ என்ற சொல்லைச் ‘சணல்’ என்று பெயர்ப்பதை இனியாவது நாம் கைவிட வேண்டும். சணல் வேறு குடும்பத்துச் செடி; சணப்பு அதனினும் வேறு. ஆகவே என் கட்டுரையில் ‘இந்தியக் கஞ்சாப்பொருள் ஆணையம்’ என்றே எழுதியிருக்கிறேன்.

இந்த வேளாண்மையின் பெரும்பகுதிக்குப் புதுச்சொல் எதுவும் தேவைப்படவில்லை என்பதை முதலில் பதிவுசெய்கிறேன். நிழல் விழாத மேட்டு நிலத்தைக் கோடையிலிருந்தே பலமுறை உழுகிறார்கள். ஆகஸ்டில், அதாவது நம் ஆவணியையொட்டி, நாற்றங்காலில் விதைக்கிறார்கள். செப்டம்பரில் நாற்றைப் பிடுங்கிப் பார்களின் (உயர்த்திய மண் வரிசைகளின்) மேல் நடுகிறார்கள். பிண்ணாக்கும் தொழுவுரமும் இட்டு மண் அணைக்கிறார்கள். நவம்பர்த் தொடக்கத்தில் தண்டின் அடிப்பக்கக் கிளைகளைக் கழித்துவிடுகிறார்கள். நாற்றங்கால், நடவு, பார், மண் அணைத்தல், கவாத்து என்று கத்தரிக்கும் மிளகாய்க்கும் நம் உழவர்கள் சொல்லும் சொற்களே இங்கும் அப்படியே பொருந்துகின்றன. இது பகல் குறுகும்போது பூக்கும் குறும்பகல் தாவரம் என்பதைச் சொல்லவும் பாடநூற்சொல் இருக்கிறது. பகலின் நீளம் பூத்தலைத் தூண்டுவதை 1912இல் துர்னுவா என்ற பிரெஞ்சு ஆய்வாளர் இந்தச் செடியிலும் ஹாப்ஸ் கொடியிலும்தான் கண்டார் என்பதால், அந்தச் சொல்லுக்கு இந்தப் பயிரிடம் தனி உரிமையே உண்டு எனலாம்.

சொல் தீர்ந்துபோகும் இடம் நவம்பர் மாதம். பகல் குறுகிச் செடிகள் பூக்கத் தொடங்கும் அந்த நாள்களில், உழவர்கள் கூலி கொடுத்து ஒருவரை வயலுக்கு அழைத்து வருகிறார்கள். ஆங்கில ஆவணங்கள் அவரைக் ‘கஞ்சா மருத்துவர்’ என்று அழைக்கின்றன. வங்காளத்தில் அவர் பெயர் ‘போத்தார்’ அல்லது ‘பரக்தார்’. அவர் வரிசை வரிசையாக நடந்து, பூ விரியும் முன்பே இலைக்கணுவில் தெரியும் அரும்பைக் கொண்டு ஆண்செடியை அடையாளம் கண்டு, ஒடித்துப் போட்டுக்கொண்டே போகிறார். இச்செடியின் மகரந்தம் காற்றில் பரவுவதால், தப்பி நின்ற சில ஆண்செடிகளே அந்த வயலை மட்டுமன்றி அடுத்த வயலையும் விதை பிடிக்க வைத்துவிடும். விதை பிடித்தால் செடியின் ஊட்டமெல்லாம் விதைக்குப் போய், போதை தரும் பிசின் குறையும். அதனால்தான் அவர் போன பின்பும் உழவர்கள் வயலைத் திரும்பத் திரும்பச் சுற்றி, விடுபட்டவற்றையும், பெண்செடியிலேயே அரிதாகத் தோன்றும் ஆண்பூக்களையும் தேடினார்கள்.

இங்கே நமக்கு மூன்று சொற்கள் வேண்டும்: பால் பார்த்துச் சொல்லும் ஆளுக்கு ஒன்று, ஆண்செடியை அகற்றும் செயலுக்கு ஒன்று, அதன் விளைவாகக் கிடைக்கும் விதையில்லாப் பூவுக்கு ஒன்று.

செயலிலிருந்து தொடங்குகிறேன். சென்ற வாரம் இக்குழுவில் முன்மொழியப்பட்ட ‘களையெடுப்பு’ பொருந்தாது. ஆண்செடி களை அன்று, உழவர் தாமே விதைத்து, நாற்று நட்டு, உரமிட்டு வளர்த்த பயிர். வேளாண் துறையினர் சொல்லும் ‘கலவன் நீக்கம்’ நெருங்கி வருகிறது. ஆனால் கலவன் என்பது விதைப்பயிரில் கலந்துவிட்ட வேற்றினச் செடி. இங்கே அகற்றப்படுவது அதே இனத்தின் ஏறத்தாழச் சரிபாதி. ‘ஆண்மலடாக்கல்’ என்பது பயிர்ப்பெருக்கத்தில் ஓர் இருபாற்பூவின் மகரந்தத் தாள்களைக் கத்தரிப்பதைக் குறிப்பதால் அதையும் விட்டுவிட வேண்டியதுதான். பேராசிரியர் ஐயா சொன்ன ‘ஆண்களைவு’ இலக்கணப்படி குற்றமற்றது, சுருக்கமானதும்கூட. ஆனால் தொடருக்குள் வைத்து வாசித்தால் கண் ‘ஆண்களை’ என்று இரண்டாம் வேற்றுமையாகப் படித்துவிட்டு, மீந்து நிற்கும் ‘வு’வைப் பார்த்துத் திகைக்கிறது. மூன்று முறை முயன்று பார்த்தேன். மூன்று முறையும் திகைத்தேன். ஆகவே ‘ஆண்செடி கழித்தல்’ என்ற இரு சொல் தொடரையே முன்வைக்கிறேன். கழித்தல் என்பது வேண்டாததைப் பிரித்து நீக்குவதற்கு உழவர் வாயிலேயே வழங்கும் சொல்.

அடுத்து, ஆள். ‘கஞ்சா மருத்துவர்’ என்று நேராகப் பெயர்த்தால், கஞ்சாவால் வைத்தியம் செய்பவர் என்று படிப்பவர் நினைப்பார். கோரக்கர் மூலி என்ற பெயரில் இச்செடியை அறிந்த சித்த மருத்துவ மரபு நமக்கு இருப்பதால் அந்தக் குழப்பம் தமிழில் இரட்டிப்பாகும். வங்காளச் சொல்லைத் தொடர்ந்து போனபோதுதான் வழி தெரிந்தது. ‘போத்தார்’ என்பவர் முதலில் நாணயத்தைத் தட்டிப் பார்த்து நல்லது கள்ளது என்று சொல்லும் ஆள். ‘பரக்’ என்பதற்கும் சோதித்தறிதல் என்றே பொருள். நாணயம் பார்ப்பவரின் பெயரை வயலில் செடி பார்ப்பவருக்கு அம்மக்கள் ஏற்றியிருக்கிறார்கள். நம்மிடமும் அதே தொழிலுக்குப் பெயர் உண்டு: பழந்தமிழில் ‘வண்ணக்கன்’, பிற்காலத்தில் ‘நோட்டக்காரன்’. ‘நோட்டம்’ என்பதற்கு நாணயச் சோதனை என்ற பொருளைச் சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி தருகிறது. எனவே அந்த ஆளை ‘நோட்டக்காரர்’ என்றும், அவர் செய்யும் வேலையைப் ‘பால்நோட்டம்’ என்றும் வைக்கலாம். உவமையைக்கூட மாற்றாமல் தமிழுக்குக் கொண்டுவர முடிவது மிக அரிது. கிடைத்ததை விட எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவதே கடினமானது. ஆங்கிலத்தில் வழங்கும் ‘சின்செமில்லா’, விதை இல்லாமல் என்று பொருள்படும் இரு ஸ்பானியச் சொற்களின் கூட்டு. தமிழில் தேடினால் பதர், சாவி, பொக்கு, மலடு என்று வருபவை எல்லாம் இழப்பின் சொற்கள். நெல் விளைவிப்பவர் மொழியில் மணி பிடிக்காதது என்பது நட்டம். நவகாவ் உழவருக்கோ மணி பிடிப்பதுதான் நட்டம். ‘மலட்டுப்பூ’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அச்செடி மலடு அன்று, மகரந்தம் பட்டிருந்தால் காய்த்திருக்கும். ஆகவே ‘சூலாப்பூ’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். சூலுதல் என்பது கருக்கொள்ளுதல், வாடாப்பூ போல இதுவும் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத் தொடர், நான்கே எழுத்து. கருத்தைக் கேட்க விரும்புகிறேன்.

அன்புடன்.

—

மறுமொழி

வணக்கம் ஐயா. தங்கள் மடலை இருமுறை படித்தேன். கல்லூரியில் தாவரவியல் கற்பித்தவள் என்ற முறையில் இரண்டு செய்திகளைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

‘சூலாப்பூ’ காதுக்கு இனிமையாக இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் மாணவர்களுக்குச் ‘சூல்’ என்பது வினைச்சொல் அன்று, அது சூலகத்துக்குள் இருக்கும் ஓர் உறுப்பின் பெயர். சூலாப்பூ என்றதும் அவர்கள் ‘சூல் இல்லாத பூ’ என்றே விளங்கிக்கொள்வார்கள். தாங்கள் குறிக்கும் பூவிலோ சூல் இருக்கிறது. மகரந்தத்துக்காகக் காத்துக்கொண்டே இருக்கிறது. மலட்டுப்பூவை எந்தக் காரணத்துக்காக விலக்கினீர்களோ, அதே பிழை பின்வாசல் வழியாக வந்துவிடும். கருவுறுதல் என்பது நிலைபெற்ற பாடநூற்சொல். ‘கருவுறாக் கனி’ என்பதும் வழக்கில் இருக்கிறது. அந்த வரிசையில் ‘கருவுறாப் பூ’ என்றால் விளக்கமே வேண்டாம். அதேவேளையில் இதனைக் கருவுறாக் கனியோடு சேர்த்து எண்ணிவிடவும் கூடாது. விதையில்லா வாழையில் கனி உண்டு. இங்கே கனியே உண்டாவதில்லை.

‘நோட்டக்காரர்’ பற்றி: ‘நோட்டம் விடுதல்’ என்றாலே இன்று திருட வந்தவன் வீட்டைச் சுற்றிப் பார்ப்பதுதான் நினைவுக்கு வருகிறது. பொருளோ கஞ்சா, ஆளோ நோட்டக்காரர் என்றால், படிப்பவர் காவல்துறைச் செய்தி என்று எண்ணிவிட மாட்டாரா?

இன்னொன்றையும் சேர்க்க விரும்புகிறேன். ஆண், பெண் என்று மூல ஆவணம் சொல்வதைத் தாவரவியலோடு ஒப்பிட்ட பிறகே பெயர்க்க வேண்டும். ஆங்கில உழவர் வழக்கில் மெலிந்து, முன்னதாகவே வாடிவிடும் ஆண்செடியைப் ‘பிம்பிள்’ என்றார்கள். அச்சொல்லின் வேர் இலத்தீனில் பெண்ணைக் குறிப்பது. தடித்து நெடுநாள் நிற்கும் பெண்செடிக்கோ ஆண்மகனைக் குறிக்கும் ‘கார்ல்’ என்ற பெயர். நம் பனைத் தொழிலாளர்கள் இதில் தவறவே இல்லை. அலகுப்பனை ஆண், பருவப்பனை பெண் என்று அவர்கள் பூவையும் காயையும் பார்த்துப் பெயரிட்டார்கள், பருமனைப் பார்த்து அன்று. அலகுப்பனையையும் வெட்டி எறியவில்லை. அதிலும் பதநீர் இறக்கினார்கள்.

நன்றி.

—

மறுமொழிக்கு மறுமொழி

அம்மா, வணக்கம். சூலாப்பூவைத் திரும்பப் பெறுகிறேன். பழஞ்சொல்லின் வினைப்பொருளையே எண்ணிக்கொண்டிருந்ததில், அதன் பெயர்ப்பொருள் வகுப்பறையில் எவ்வளவு ஆழமாக ஊன்றிவிட்டது என்பதை மறந்துவிட்டேன்.

இருப்பினும் ‘கருவுறாப் பூ’ ஒன்றே போதாது என்று தோன்றுகிறது. இன்று காலை விரிந்த எந்தப் பெண்பூவும் கருவுறாப் பூதான். அது ஒரு நிலையின் பெயரே ஒழிய, அறுவடையாகிச் சந்தைக்குப் போகும் சரக்கின் பெயர் அன்று. பிப்ரவரியில் அறுத்து, வெயிலில் வாட்டி, காலால் மிதித்துத் தட்டையாக்கியோ உருட்டியோ கட்டிய பொருளைக் கருவுறாப் பூ என்று எழுதினால் விற்பனைச் சீட்டில் தாவரவியல் பாடம் நடத்தியது போலாகும். ஆகவே வயலில் நிற்கும் பூவின் நிலைக்குக் ‘கருவுறாப் பூ’, விளைபொருளுக்கு ‘விதையிலிக் கஞ்சா’ என்று இரண்டாகப் பிரித்துக்கொள்கிறேன். இந்தப் பிரிவினை நம் சட்டத்துக்குத் தேவைப்படவில்லை என்பதையும் இங்கே கவனிக்கலாம்: 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் பூக்கும் தலைப்பகுதியையும் காய்க்கும் தலைப்பகுதியையும் ஒரே தொடரில் கஞ்சா என்று வரையறுத்துவிடுகிறது. வேறுபாடு தேவைப்பட்டது உழவருக்கும் வணிகருக்கும்தான்.

நோட்டக்காரரை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். திருடன் விடுவதும் நோட்டம்தான், பொற்காசு பார்த்தவர் செய்ததும் நோட்டம்தான். இரண்டும் கூர்ந்து பார்த்து முடிவுக்கு வருவதே. முதன்முதலில் வரும் இடத்தில் ‘போத்தார் எனப்பட்ட பால்நோட்டக்காரர்’ என்று முழுமையாக எழுதி, பின்னர் வரும் இடங்களில் ‘நோட்டக்காரர்’ என்று சுருக்கிக்கொள்கிறேன். ‘பால்’ என்ற முன்னொட்டு காவல்துறை நினைவைத் தடுத்துவிடும். பால்காரர் நினைவு வந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

ஆண், பெண் குறித்த எச்சரிக்கையை மனத்தில் கொண்டு கெர் அறிக்கையின் அந்தப் பக்கங்களை மீண்டும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன். அதுவரை ‘ஆண்செடி கழித்தல்’, ‘பால்நோட்டம்’, ‘கருவுறாப் பூ’, ‘விதையிலிக் கஞ்சா’ ஆகிய நான்கையும் குழுவின் சொற்பட்டியலில் ‘பரிசீலனையில்’ என்ற குறிப்போடு சேர்த்துவிடுமாறு தொகுப்பாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.